இரட்டைப் பிள்ளைக்கு எட்டுக் கை

சில வருஷங்களுக்கு முன் மகளுக்குப் பிரசவம் என்று நானும் என் மனைவியும் நியூ ஜெர்சி போனோம். இரட்டைக் குழந்தைகள். ஒரு பையன், ஒரு பெண். ஆறு மாதம் தங்குவதாக ஏற்பாடு. பெட்டியில் சுக்கு, மிளகு, திப்பிலி, பிரசவ லேகியம், நாலு பழைய பருத்திச் சேலை எல்லாம் இருந்தன. தெம்பும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். பத்தாம் நாளே எனக்கு இடுப்பும் அவளுக்கு முழங்காலும் விட்டுப்போயின.

அப்போது மருமகன் சொன்னார்: "மாமா, இந்த வாரத்திலிருந்து நாலு ராத்திரி ஒரு டூலா வரப்போறாங்க."

"தூளியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்தார். கை கழுவினார். குழந்தைகளைத் தூக்கப் போவார் என்று பார்த்தால், நேரே என் மகளிடம் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டாயா, கடைசியாக எப்போது தூங்கினாய், எங்கே வலிக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டார். எங்கள் மகள் அழுதுவிட்டாள். பத்து நாளாக வீட்டுக்கு வந்தவர்கள், தொலைபேசியில் பேசியவர்கள் எல்லோரும் குழந்தைகளைப் பற்றித்தான் கேட்டார்கள், நாங்கள் உட்பட.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நானே ஒரு இரட்டைப் பிள்ளை. என்னையும் என் தம்பியையும் பிழைக்க வைத்த கைகளைப் பற்றி அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

கணக்குப் போட்டால் தெரியும்

இரட்டைப் பிள்ளை என்றால் வேலை இரண்டு பங்கு என்று நினைப்போம். அதற்கும் மேலே. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். இரண்டு பேருக்கு 16 முதல் 24 தடவை. ஒரு தடவைக்கு அரை மணி என்று வைத்தாலும், 24 தடவைக்கு 12 மணி நேரம். முதுகு தட்டி ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. தாய் எப்போது சாப்பிடுவாள், எப்போது கண்ணை மூடுவாள்?

இன்னொன்று, இரட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். பலர் இரண்டரை கிலோவுக்கும் குறைவு. சின்னக் குழந்தைகள் பால் சப்பும்போதே களைத்துத் தூங்கிவிடும். எழுப்பி எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று தூங்கும்போது மற்றது அழும். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வும் இரட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கூடுதலாக வருகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. 1980களில் உலகத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு 9 இரட்டை என்று இருந்தது. இப்போது 12. தாமதமாகப் பிள்ளை பெறுவதும் கருத்தரிப்பு சிகிச்சையும் முக்கியக் காரணங்கள். வருஷத்துக்குச் சுமார் 16 லட்சம் ஜோடி பிறக்கின்றன.

எங்கள் கதை

1952 ஐப்பசி. மணப்பாறைக்குப் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற வீடு. தலைப்பிரசவம். இரட்டை என்று யாருக்கும் தெரியாது. நான் பிறந்து, தொப்புள்கொடி அறுத்து, எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சி, "ஆத்தா, இன்னொண்ணு இருக்கு" என்றாளாம். கால் மணி கழித்துத் தம்பி பிறந்தான். அழவில்லை. மருத்துவச்சி முதுகைத் துடைத்து, உள்ளங்காலைச் சுண்டி, அழ வைத்தாள்.

தம்பி ரொம்பச் சின்னது. அம்மாயி அவனைத் தன் வெறும் நெஞ்சின்மேல் போட்டு, மேலே பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாளாம். மழைக்காலம். அவன் உடம்பு சூடு பிடிக்கும் வரை கீழே விடவில்லை. 1978ல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற டாக்டர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்றைக்கு நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அம்மாயிக்கு கங்காரு தெரியாது. குழந்தை குளிரக்கூடாது என்று மட்டும் தெரியும்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. அம்மாவுக்குப் பால் ஊறும் வரை எனக்கு அவர்தான் பால் கொடுத்தார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவுக்குப் பதினாலு வயசு. இரண்டு தூளிக் கயிறும் அவர் கையில். மருத்துவச்சி தினமும் காலையில் வந்து நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் அம்மாவைக் குளிப்பாட்டி, வயிற்றை வேட்டியால் இறுக்கிக் கட்டி, பிறகு காலை நீட்டி உட்கார்ந்து எங்களை ஒருத்தர் பின் ஒருத்தராகக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிவிட்டுப் போவாள். நாற்பது நாள்.

அம்மாயி, அத்தை, சின்னம்மா, மருத்துவச்சி. நாலு பேர், எட்டுக் கை. அம்மாவின் வேலை பால் கொடுப்பதும் தூங்குவதும் மட்டும். பூண்டும் முருங்கைக்கீரையும் மிளகு ரசமும் இருந்த இடத்துக்கு வந்தன.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டார்கள். சர்க்கரைத் தண்ணீரைச் சேனை என்று நாக்கில் வைத்தார்கள். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினார்கள். தாய்க்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக்கூடாது என்று தாகத்தில் தவிக்க விட்டார்கள். இவை எல்லாம் தப்பு. எங்கள் ஊரில் பிழைக்காத இரட்டைகளும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் நாற்பது நாள் ஓய்வு என்பதே கிடையாது. பத்து பதினைந்து நாளில் களத்துக்கோ வயலுக்கோ போனவர்கள்தான் அதிகம். தீட்டு என்று ஒதுக்கி வைத்ததும் அவமானம்தான். ஆனால் அந்தத் தீட்டின் பெயரால் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போகாமல் ஒரு பெண்ணுக்கு விடுமுறை கிடைத்தது என்பதும் உண்மை. அந்தக் காலத்தில் வேறு எந்தப் பெயரில் கேட்டாலும் விடுமுறை கொடுத்திருக்க மாட்டார்கள்.

திண்ணையில் சாப்பிட்டவள்

அந்த மருத்துவச்சி முடி திருத்தும் சமூகத்தைச் சேர்ந்தவள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அப்படித்தான். ஆண்கள் முடி வெட்டினார்கள், கட்டிக்கு மருந்து போட்டார்கள். பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். அதனால்தான் அந்தச் சமூகத்துக்கே மருத்துவர் என்ற பெயர். வெள்ளைக்காரன் காலத்து அறிக்கைகளில் இந்தப் பெண்களை "பார்பர் மிட்வைஃப்" என்று குறிப்பிட்டு, அழுக்கு, அறியாமை என்று எழுதினார்கள். கை கழுவாமல் பிரசவம் பார்த்து ஜன்னி கண்டு இறந்தவர்கள் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அந்த அம்மாளுக்குச் சோப்பும் படிப்பும் யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பிரசவ நேரத்தில் வீட்டுக்குள்ளே அறை வரைக்கும் வந்தவள், சாப்பிடும் நேரத்தில் பின்திண்ணையில் உட்கார வேண்டும். அவளுக்கென்று தனித்தட்டு. கூலி என்று ஒரு சேலை, தேங்காய், வெற்றிலை பாக்கு, அறுவடையில் கொஞ்சம் நெல்.

வயசான பிறகு அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து ரெண்டு பங்கு கூலி கொடுத்தீங்களாம்மா?"

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பிரசவம்தானேடா. ஒரு கூலிதான் கொடுத்தாங்க."

இந்த "ஒரு பிரசவம்தானே" என்ற பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

ஆஸ்பத்திரி வந்தது, வீட்டுக்கு வரவில்லை

சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844லேயே வந்துவிட்டது. ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கிய பெண்களுக்காக 1885ல் மேரி ஷார்லீப் முயற்சியில் தனி ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போய், மூன்று பெண்களும் இறந்ததைப் பார்த்த ஐடா ஸ்கடர், டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து 1900ல் வேலூரில் வேலையைத் தொடங்கிய கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. 1926ல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு, பயிற்சி எல்லாம் முறைப்பட்டன.

இதனால் கிடைத்த நன்மை கொஞ்சநஞ்சம் இல்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். இரட்டை என்பது முன்கூட்டியே ஸ்கேனில் தெரிந்துவிடுகிறது. என் அம்மாவுக்கு நடந்ததுபோல் திடீரென்று "இன்னொண்ணு இருக்கு" என்று இருட்டில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. மருத்துவச்சி செய்த வேலை இரண்டு. ஒன்று பிரசவம் பார்ப்பது. இன்னொன்று அதற்குப் பிறகு நாற்பது நாள் தாயைப் பார்த்துக்கொள்வது. முதல் வேலையை ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டு அவளைவிட நன்றாகச் செய்தது. இரண்டாவது வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அம்மாயி இருப்பாள், அத்தை இருப்பாள் என்ற நம்பிக்கை. கூட்டுக் குடும்பம் இருந்த வரை அந்த நம்பிக்கை பலித்தது. இன்றைக்கு அத்தைக்கு ஆபீஸ், சின்னம்மாவுக்கு வேறு ஊர், அம்மாயிக்கு முழங்கால் ஆபரேஷன்.

அடிமை என்ற சொல்லிலிருந்து

மகள் வீட்டுக்கு வந்த அம்மாளின் தொழிற்பெயரைப் பற்றி அங்கேயே நூலகத்தில் படித்தேன். டூலா என்பது கிரேக்கச் சொல். பழைய கிரேக்கத்தில் அதற்கு அடிமைப் பெண் என்று பொருள். அதை எடுத்துப் புது அர்த்தம் கொடுத்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டேனா ரஃபேல். தன் முதல் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் தவித்தவர். பல நாட்டுப் பழக்கங்களை ஆராய்ந்து, 1973ல் தாய்ப்பால் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது நம்ம வீட்டுக் கிழவிகளுக்குத் தெரிந்ததுதான். பிள்ளையைத் தாய் பார்த்துக்கொள்வாள். ஆனால் அந்தத் தாய்க்குத் தாயாக ஒருத்தி பக்கத்தில் இருந்தால்தான் பால் நிற்கும். அப்படிப் பக்கத்தில் இருப்பவளுக்கு அவர் வைத்த பெயர்தான் டூலா. பிரசவத்துக்குப் பிந்தைய துணைக்குத்தான் அந்தப் பெயர் முதலில் வந்தது.

பிறகு ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் என்ற இரண்டு குழந்தை டாக்டர்களும் அவர்கள் கூட்டாளிகளும் குவாத்தமாலா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலரோடு, மருத்துவப் படிப்பில்லாத, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கூடவே இருக்க வைத்தார்கள். முதுகைத் தடவிக்கொடுப்பது, கையைப் பிடித்துக்கொள்வது, பேசிக்கொண்டிருப்பது. அவ்வளவுதான் வேலை. துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. 1980ல் இது வெளியானதும் டாக்டர்கள் கவனித்தார்கள். 1992ல் டூலாக்களுக்கென்று வட அமெரிக்காவில் சங்கமே தொடங்கிவிட்டார்கள்.

நெதர்லாந்து நாட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பெண் எட்டுப் பத்து நாள் வந்து தாயையும் பிள்ளையையும் கவனிக்கிறாள், மூத்த பிள்ளை இருந்தால் அதையும் பார்க்கிறாள். காப்பீட்டிலேயே அது அடக்கம். இரட்டை என்றால் கூடுதல் மணி நேரம் உண்டு. அங்கே யாரும் ஒரு பிரசவம்தானே என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் அடிமை என்று பொருள்படும் சொல்லை எடுத்து, அந்த வேலைக்கு ஒரு மரியாதை கொடுத்தார்கள். நாம் மருத்துவர் என்று பொருள்படும் சொல்லை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை அடிமை மாதிரி நடத்தினோம்.

நம் நாட்டிலும் உண்டு

நம் நாட்டில் யாரும் செய்யவில்லை என்று சொல்வதும் தப்பு. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டுப் பகுதி. அங்கே அபய் பாங், ராணி பாங் என்ற டாக்டர் தம்பதி, 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிரசவமான வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகச் செய்தார்கள். எடை பார்ப்பது, குழந்தையைக் கதகதப்பாக வைப்பது, பால் கொடுக்க உதவுவது, கிருமித் தொற்று வந்தால் கண்டுபிடித்து ஊசி போடுவது. பச்சிளம் குழந்தைகள் இறப்பு 62 சதவீதம் குறைந்தது. 1999ல் லான்செட் பத்திரிகையில் அது வெளியானது. அதிலிருந்துதான் 2011ல், பிரசவமான வீட்டுக்கு 42 நாளுக்குள் ஆறு தடவை போக வேண்டும் என்ற திட்டம் நாடு முழுவதும் வந்தது. நம்ம ஊரில் ஸ்கூட்டியில் வரும் கிராம சுகாதார நர்ஸ் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். வந்தால் உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுங்கள்.

ஆனால் அவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டும் சேர்ந்து அழும்போது கூட இருக்க முடியாது. வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 1961 சட்டப்படி 12 வாரமாக இருந்தது, 2017ல் 26 வாரமானது. சந்தோஷம். ஆனால் ஒன்று பெற்றாலும் 26, இரண்டு பெற்றாலும் 26. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் வருஷமே, ஒரே பிரசவத்தில் ஒன்றுக்கு மேல் பிறந்தால் விடுப்பை நீட்டிக்க வேண்டும் என்று பரிந்துரை செய்திருக்கிறது. நம் சட்டத்தில் அது இன்னும் ஏறவில்லை. 1952ல் எங்கள் வீட்டுத் திண்ணையில் சொன்ன அதே பதில்தான் இங்கேயும். ஒரு பிரசவம்தானே.

கடைசியாக

அந்த டூலா அம்மாள் இரண்டு மாதம் வந்தார். குழந்தைகளை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் தலையணை வைத்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பால் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தார். யார் எப்போது குடித்தார்கள் என்று நோட்டில் எழுதச் சொன்னார். மருமகனுக்குக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தார். என் மனைவி காலில் போட்டுக் குளிப்பாட்டியதைப் பார்த்து, எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். மணிக்கணக்குப் பார்த்துக் கூலி. கடைசி நாள் எங்களோடு மேஜையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார். என் மனைவி ஒரு சேலை கொடுத்தாள். அவர் பெயரும் நம்பரும் இன்றைக்கும் என் மகள் தொலைபேசியில் இருக்கின்றன. குழந்தைகள் பிறந்தநாளுக்கு வாழ்த்து வருகிறது.

இப்போது சென்னை, திருச்சி போன்ற ஊர்களில் பிள்ளையைக் குளிப்பாட்ட, பிரசவமான தாயைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் கூலிக்குக் கிடைக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பேரம் பேசாதீர்கள். இரட்டை என்றால் இரண்டு பங்கு கொடுங்கள். உங்கள் இலையிலேயே சாப்பாடு போடுங்கள். வசதி இல்லாத வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்திருந்தால், பார்க்கப் போகும்போது சட்டையும் பொம்மையும் வேண்டாம். ஒரு தூக்கில் ரசமும் சாதமும் கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தூங்கச் சொல்லுங்கள். நம் வயசில் அது நம்மால் முடியும்.

அம்மாவிடம் கூலியைப் பற்றிக் கேட்ட அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். "அந்த மருத்துவச்சி பேரு என்னம்மா?"

அம்மா ரொம்ப நேரம் யோசித்தார். "மருத்துவச்சின்னுதான் கூப்பிடுவோம். பேரு யாரும் கேட்டதில்லையேடா" என்றார்.

அம்மா போய்விட்டார். அம்மாயி, அத்தை, சின்னம்மா யாரும் இல்லை. எனக்கும் தம்பிக்கும் எழுபது தாண்டிவிட்டது. எட்டுக் கைகளில் ஆறு கைகளின் பெயர் எனக்குத் தெரியும். தம்பியை அழ வைத்த அந்த இரண்டு கைகளின் பெயர் தெரியாது. உங்கள் வீட்டில் தொண்ணூறு வயசுக்காரர்கள் யாராவது இருந்தால், உங்களுக்குப் பிரசவம் பார்த்தவர் பெயரை இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.